ரேடியோ பாஸும் கோணல் வாளியும்

கண்டி வீதியில், மாவனல்லைக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் நின்றால்தான் இருப்பதே தெரியும் என்கிற மாதிரி ஒரு கடைத்தெரு இருந்தது. அங்கே ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர் கன்னையா. சிங்களத்தில் கைவேலை தெரிந்தவர்களை ‘பாஸ்’ என்பார்கள். தச்சனும் பாஸ், கொத்தனும் பாஸ். அந்தக் கணக்கில் இவர் ரேடியோ பாஸ். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. கன்னையா என்ற பெயர் வீட்டோடு நின்றுபோனது. அவர் அதைப்பற்றிக் கவலைப்பட்டவரும் இல்லை. நெடுநெடுவென்று வளர்ந்தவர், குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர், வேலை நடக்கும்போது யார் வந்து நின்றாலும் ‘ம்’ என்ற ஒரே பதிலில் சமாளிக்கிறவர்.

கடைக்கு மேலே மலையில் இருந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் இருக்கும் லயத்து வீடொன்றில் பிறந்தவர் அவர். அறுபத்துநாலில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுக்காரரும் உட்கார்ந்து தோட்டத்துச் சனங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட செய்தியைப் பெரிய கங்காணி வீட்டு ரேடியோவில்தான் அந்தத் தோட்டமே கேட்டது. செய்தி பாதியில் இருக்கும்போது ரேடியோ நின்றுவிட்டது. யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்று தெரியாமல் சனம் முற்றத்திலேயே நின்றது. கங்காணி பெட்டியைத் தட்டினார், குலுக்கினார், திட்டினார். பெட்டி மசியவில்லை. இந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்ற எண்ணம் இளந்தாரியான கன்னையாவுக்கு அன்றைக்குத்தான் வந்தது. பிறகு கேகாலையில் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, சிங்களத்தில் திட்டு வாங்கியே தொழிலையும் படித்துக்கொண்டார். அண்ணன் குடும்பம் கப்பலேறி இந்தியா போனது. இவர் இங்கேயே இருக்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கல்யாணமும் அந்தக் காத்திருப்புக்குள்தான் நடந்தது.

மனைவி இராஜம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவள். அவர்களுக்கு ஒரே மகள், பரிமளம். பேச்சு வருவதற்கு முன்னே வந்த ஒரு காய்ச்சல் அந்தப் பிள்ளையின் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் ஊமையாகிப்போன ரேடியோவுக்கெல்லாம் குரல் கொடுக்கிற மனிதருக்கு இப்படி ஒரு பிள்ளை. இதைச் சொல்லிச் சொல்லி உச்சுக்கொட்டுகிறவர்கள் கடைத்தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். கன்னையா அதற்கும் ‘ம்’ என்பார். ஆனால் அந்த உச்சு ஒவ்வொன்றும் அவருக்குள் போய் உட்கார்ந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கேட்ட கேள்விக்கு வாய் திறக்கவில்லை என்று பிரம்பு உள்ளங்கையில் விழுந்தது. காது கேளாது என்று தெரிந்தபிறகு அடி நின்றது, பள்ளிக்கூடமும் நின்றது. அதற்குப் பிறகு யார் எதை நீட்டினாலும் பரிமளம் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். கன்னையா தானே சிலேட்டில் எழுதிக் காட்டினார். பிள்ளை அச்சு அசலாக அப்படியே எழுதினாள், அழகாகவும் எழுதினாள். ஆனால் பூவரைவது போலத்தான் அதை எழுதினாள். அந்தக் கோடுகளுக்கு ஒரு பொருள் உண்டு என்பது அவளுக்குத் தெரியவில்லை, தெரிவிக்கவும் வழியில்லை. ‘மரம்’ என்று எழுதிவிட்டு மரத்தைக் காட்டினால், அவள் மரத்தையும் பார்ப்பாள், சிலேட்டையும் பார்ப்பாள், அப்பாவுக்கு ஏதோ கவலை என்று நினைத்து அவர் கையைத் தடவுவாள். தனக்குப் பிறகு இந்தப் பிள்ளை தனக்கு வேண்டியதை யாரிடம் எப்படிச் சொல்லும்? கன்னையாவுக்கு இருந்த கவலை அந்த ஒன்றுதான். வேறு எதுவும் அவர் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

எண்பத்துமூன்று மாசி மாதத்தில் காமில் குவைத்திலிருந்து லீவில் வந்தான். கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. கன்னையாவைவிட வயதில் இளையவன், வாய் நிறைய ‘கன்னையா அண்ணே’ என்று கூப்பிடுகிற சிலரில் ஒருவன். டீவி, டேப், வாசனைச் சவர்க்காரம் எல்லாவற்றோடும் ஒரு சின்னக் கறுப்புப் பொருளையும் கொண்டுவந்திருந்தான். அவனோடு வேலை செய்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது கொடுத்த கம்பியூட்டராம். ஒரு கணக்குப் புத்தகம் அளவுதான் இருந்தது. டீவியில் பொருத்தினால் வேலை செய்யும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காமில் பொருத்தினான். டீவியில் இரைச்சல்தான் வந்தது. உடனே அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான்.

“மெசின் செத்துப் போயிட்டுதா, இல்லாட்டி எனக்குத்தான் வெளங்கல்லயான்னு தெரியாது அண்ணே. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

கன்னையாவுக்கு இங்கிலீசு கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். கம்பியூட்டரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் கரண்டை அளந்தார். பிறகு கடையில் கிடந்த பழைய டீவியில் பொருத்தி, அதன் திருகைக் கடுகளவு கடுகளவாகத் திருப்பினார். இரைச்சல் விலகி, வெள்ளைத் திரையின் அடியில் ஓர் இங்கிலீசு வரி வந்து நின்றது. காமில் கைதட்டினான். கன்னையா தட்டவில்லை.

“வெளிச்சம் வந்திருச்சுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தமில்ல தம்பி. பாஷை உள்ளுக்குள்ள இருக்கான்னு பாக்கணும். நமக்கு விடை தெரிஞ்ச ஒண்ணை மொதல்ல கேப்போம்.”

கூட வந்த புத்தகத்தில் இருந்தபடி PRINT என்று எழுத P-யை அமுக்கினார்கள். ஒரே அமுக்கில் முழு வார்த்தையும் வந்து விழுந்தது. அது தெரியாமல் மிச்ச எழுத்துகளையும் அமுக்க, மெசின் ஒரு கேள்விக்குறியைக் காட்டி அடம்பிடித்தது. இரண்டு பெரிய மனிதர்களும் மத்தியானம் முழுக்க அந்தக் கேள்விக்குறியோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஒரு பொத்தானுக்கு ஒரு முழு வார்த்தை என்று புரிந்துகொண்டு, பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னார்கள். நூற்றுநாற்பத்துநான்கு என்று விடை வந்தது. கன்னையா தானும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் “உயிரோடதான் இருக்கு” என்றார்.

அப்போது பரிமளம் பக்கத்தில் நின்றாள். அந்தப் பொத்தான்கள் ரப்பரால் ஆனவை. அம்மாவின் கையில் எப்போதும் ஒட்டியிருக்கிற அந்த மெதுமெதுப்பு. கைகளைப் பின்னால் கட்டியிருந்தவள் மெல்ல ஒரு விரலை நீட்டி ஒரு பொத்தானைத் தொட்டாள். திரையில் ஒரு வார்த்தை குதித்தது. அவள் திரையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். இன்னொரு தடவை தொட்டாள். அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தைக் கன்னையா அதற்கு முன் கண்டதில்லை. சிலேட்டு பேசாமல் இருந்தது, இது பதில் சொல்கிறது. ஒன்றை அமுக்கினால் ஒன்று நடக்கிறது. அதுவரை எழுத்து எதையும் செய்து அவள் பார்த்ததே இல்லை.

நோன்புப் பெருநாள் முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது மெசினையும் கொண்டுபோக வேண்டும், அங்கே அதை ஒருவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன் என்றான் காமில். அதுவரை அண்ணன் வைத்துக்கொள்ளட்டும் என்றான். ஆக, கன்னையாவுக்குக் கிடைத்தது பெருநாள் வரை. அதற்குள் பரிமளத்துக்கு எழுத்து பிடிபட்டாக வேண்டும்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் அந்தப் பாஷையைப் படித்தார். தமிழ் எழுத்து அந்த மெசினுக்குத் தெரியாது. கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து ஒவ்வோர் எழுத்தையும் தானே செய்தார். பொத்தான்களின் மேல் சோற்றுப்பசையால் சின்னக் காகிதங்களை ஒட்டி வா, ளி, பா, ல் என்று எழுதினார். முதல் படம் வாளி. ஏன் வாளி என்றால், நாள் தவறாமல் விடியற்காலையில் இராஜம் கையில் தூக்கிக்கொண்டு போவதும் பாலோடு திரும்பிக் கொண்டுவருவதும் அதைத்தான். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மெசினிடம் பன்னிரண்டைப் பெருக்கச் சொன்னதும் அதே எண்ணத்தில்தான். திரையில் வாளியின் படம் வரும். கீழே இரண்டு வெற்றிடம் இருக்கும். சரியான எழுத்தை அமுக்கினால் அது போய் இடத்தில் உட்காரும். இரண்டும் உட்கார்ந்தால் வாளியில் வெள்ளையாகப் பால் நிறையும். தப்பாக அமுக்கினால் ஒன்றும் நடக்காது. திட்டு இல்லை, பிரம்பு இல்லை, பேசாமல் காத்திருக்கும்.

ஏதோ ஒரு வரியில் கணக்குப் பிசகி, வாளி ஒரு பக்கம் சரிந்து கோணலாக வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

பரிமளம் அதன் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தாள். கண்டபடி அமுக்கி அமுக்கி, ஒரு நாள் பால் நிறைந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு உட்கார்ந்து மறுபடி நிறைத்தாள், மறுபடியும் நிறைத்தாள். கன்னையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

மெசினை நிறுத்தினால் அதற்குள் எழுதியதெல்லாம் போய்விடும். அதனால் கசெட்டில் பதிந்து வைக்க வேண்டும், மறுநாள் கசெட்டைப் போட்டு உள்ளே ஏற்ற வேண்டும். பதியும்போது கீச்சென்றும் கர்ரென்றும் ஒரு சத்தம் வரும். அதுவும் ஒரு பாட்டுதான், நமக்குத்தான் புரியவில்லை என்பார் கன்னையா. அவரிடம் நல்ல கசெட் ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதை முதலுக்குச் சுற்றி, பழையதின் மேலேயே புதியதைப் பதிந்தார். சிக்கனமாக இருக்கிறோம் என்ற நினைப்பு. ஒரு நாள் சாயந்தரம் பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெசினுக்குள் இருந்தது அழிந்தது. கசெட்டில் பழையது பாதி அழிந்து, புதியது பாதி ஏறி, இரண்டும் இல்லாமல் போயிற்று.

மறுநாள் பரிமளம் வந்து வழக்கம்போல உட்கார்ந்து வா-வை அமுக்கினாள். வெறும் இங்கிலீசு வார்த்தை வந்தது. ளி-யை அமுக்கினாள். வாளி இல்லை, பால் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து மெதுவாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தப்புச் செய்தது கன்னையா. அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லக்கூட அவரிடம் ஒரு வார்த்தை இல்லை.

அழிந்ததை முதலிலிருந்து எழுத அவருக்கு வெகுநாள் பிடித்தது. கோணலையும் எப்படியோ அதே மாதிரி வரவைத்துவிட்டார், ஏனென்றால் அதே பிசகைத்தான் மறுபடியும் செய்திருந்தார். ஆனால் இந்தத் தடவை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பழையதின் மேல் எதையும் பதிவதில்லை. காமிலின் மனைவி ஸாஹிராவிடம் கேட்டு, பாட்டுத் தேய்ந்துபோன கசெட்டுகளை வாங்கிக்கொண்டார். மாற்றம் ஒன்று செய்தால் தனியாக ஒரு பதிவு. இப்படிப் பதிவு பெருகினால் எது எது என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி ஸாஹிரா வீட்டிலேயே இருந்தது. குவைத்தில் இருக்கும்போது காமில் கடிதம் எழுத மாட்டான். கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவான். அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். முதலில் தேதி, பிறகு இடம், பிறகு தன் பெயர், அதற்குப் பிறகுதான் சங்கதி. கன்னையா அந்த டேப்புகளை எத்தனையோ தடவை திருத்திக் கொடுத்தவர். அதே வழக்கத்தை எடுத்துக்கொண்டார்.

பதிவதற்கு முன்னால் மைக்கைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு சொல்வார்: “சித்திரை பொறந்து மூணாம் நாளு. கடையில இருந்து கன்னையா பேசுறேன். மாத்தினது, ‘பால்’ சேத்திருக்கு. மத்ததெல்லாம் பழையபடி.” அப்புறம்தான் அந்தக் கீச்சுச் சத்தம். மெசினுக்கு மனிதக் குரல் ஒரு பொருட்டில்லை. அது பாட்டுக்குக் காத்திருந்து, தன் பாஷை வந்ததும் விழித்துக்கொள்ளும்.

ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்த இராஜம் இதைப் பார்த்துவிட்டு, மெசினுக்குக் கடுதாசி போடுகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தாள். கன்னையா ‘ம்’ என்றார்.

பதிந்தது சரியா என்று பார்க்க, வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். அப்போதெல்லாம் பரிமளம் வந்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அவர் குரல் பேசி முடியும்வரை வைத்திருப்பாள். கீச்சுச் சத்தம் தொடங்கியதும் கையை எடுத்துவிடுவாள். பிள்ளை ஏதோ விளையாடுகிறாள் என்று அவர் விட்டுவிட்டார். வேலைக்காரன் கவனம் எப்போதும் வேலையில்தானே.

பால், மரம், அம்மா என்று வார்த்தைகள் வளர்ந்தன. இராஜத்தைத் தலையில் துண்டும் கையில் வெட்டுக்கத்தியுமாக வரைந்ததும் பரிமளம் ஒரே நாளில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சந்தோஷத்தில் கன்னையா மற்றப் படங்களையும் அழகுபடுத்தினார். முதலில், வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்த கோணல் வாளியை நேராக்கினார். பிறகு மரத்துக்கு இலை போட்டார். வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்த கோணல் வாளியை நேராக்கினார். அதற்குப் பிறகு பரிமளம் வாளிக்கு எழுத்து வைக்க மறுத்துவிட்டாள். அந்தப் படம் வந்தால் சும்மா இருப்பாள். நாளடைவில் மற்றப் படங்களுக்கும் தயங்க ஆரம்பித்தாள். பெருநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன கெட்டுப்போயிற்று என்று கன்னையாவுக்கு விளங்கவில்லை. மாற்றியது ஒன்றா இரண்டா?

முன்னே இருந்த மாதிரி ஒரே கசெட்டாக இருந்திருந்தால் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இப்போது கசெட்டுகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுத் தன் குரலைத் தானே கேட்டார். எழுத்தைப் பெரிதாக்கினது என்ற பதிவை ஏற்றினார். பரிமளம் முகம் திருப்பினாள். மரத்துக்கு இலை என்றதை ஏற்றினார். அப்போதும் அப்படியே. அதற்கும் முந்தியதில் அவர் குரல் சொன்னது: “மாத்தினது, வாளிய நேராக்கியிருக்கு. மத்ததெல்லாம் பழையபடி.” அதற்கு முந்தியதை ஏற்றினார். கோணல் வாளி வந்தது. பரிமளம் படாரென்று இரண்டு எழுத்தையும் அமுக்கினாள். பால் நிறைந்தது.

கன்னையாவுக்குக் காரணம் அப்போதும் புரியவில்லை. இராஜம் வந்தபோது நேரான வாளியையும் கோணல் வாளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார். நேரானதைக் காட்டி, “இது யாரு வாளி?” என்று கேட்டாள் அவள். பிறகு தன் வாளியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள். எப்போதோ மலைச்சரிவில் கல்லில் விழுந்து ஒரு பக்கம் அமுங்கிப்போன வாளி. தரையில் வைத்தால் இடது பக்கம் சாயும். நாள்தோறும் பார்க்கிற வாளி, கன்னையா கண்ணில் ஒரு நாளும் அந்தச் சாய்வு பட்டதில்லை. அவருடைய கணக்குப் பிசகு அவர் அறியாமலே அவர் மனைவியின் வாளியை வரைந்திருந்தது. பிள்ளைக்கு வாளி என்றால் அந்த வாளிதான். அதை அவர் திருத்தி, யாருடையதோ ஆக்கிவிட்டார்.

கோணலையே வைத்துக்கொண்டார். மற்ற மாற்றங்களை அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நேரான வாளியையும் அவர் அழித்துவிடவில்லை. அதுவும் கசெட்டில் இருக்கட்டும் என்று விட்டார்.

அந்த ஒரு கிழமைக்குள்தான் அது நடந்தது. ரேடியோ திருகாணிகளில் அடையாளம் வைக்க அவர் வைத்திருந்த வெள்ளைப் பெயின்டையும் குச்சியையும் பரிமளம் எடுத்தாள். அம்மாவின் வாளியை மடியில் சாய்த்துக்கொண்டு, அமுங்கிய பக்கத்துக்கு மேலே ‘வாளி’ என்று எழுதினாள். யாரும் காட்டவில்லை, மெசினும் அப்போது போடப்படவில்லை. மறுநாள் பால் அளக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, எழுதாட்டி எங்களுக்குத் தெரியாதாக்கும் என்று கேலி செய்தாராம்.

“ஒங்களுக்குத் தெரியணும்னு எழுதலைங்க. அவளுக்குத் தெரியும்னு எழுதியிருக்கா” என்றாள் இராஜம்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். ‘அப்பா’. கன்னையாவுக்குத் தன்னை வரையத் தெரியவில்லை. கண்ணாடி பார்த்து வரைந்தார், சோளக்கொல்லைப் பொம்மை வந்தது. கையில் ஒரு ரேடியோவைக் கொடுத்துப் பார்த்தார், பொம்மை மூட்டை தூக்குவது போல் இருந்தது. பரிமளம் எழுத்துகளைச் சரியாக அமுக்கினாள். ஆனால் படத்தைப் பார்த்து, அவரையும் பார்த்து, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தலையாட்டினாள். அவர் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவள் அவர் கையைத் தடவிக்கொடுத்தாள். பதிவுகள் கூடின. “மாத்தினது, அப்பா படம். சரியா வரல. மத்ததெல்லாம் பழையபடி” என்று அவர் குரல் கசெட்டில் சலித்துக்கொண்டது. அம்மா வந்துவிட்டாள், மரம் வந்துவிட்டது, ஒரு தகர வாளிகூட வந்துவிட்டது, தான் மட்டும் வரவில்லையே என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. வெளியில் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

பெருநாள் முடிந்தது. காமில் மெசினைத் துணியில் சுற்றிக்கொண்டான். பொத்தான்களில் ஒட்டியிருந்த காகிதங்களை எடுக்கவா என்று கன்னையா கேட்டார். இருக்கட்டும் அண்ணே, அங்க கேக்கிற ஆக்களுக்குச் சொல்ல எனக்கும் ஒரு கதை வேணுமே என்றான். கசெட்டுகளைக் கன்னையா கடை அலமாரியில் அடுக்கி வைத்தார். என்றைக்காவது இன்னொரு மெசின் கிடைத்தால் மிச்சத்தை முடிக்கலாம் என்பது நம்பிக்கை. ஸ்பீக்கரில் போட்டால் அவர் குரலாவது வரும். பரிமளம் வந்து கை வைத்துக்கொள்வாள்.

காமில் போய் அதிக நாள் ஆகவில்லை. கொழும்பில் தமிழர்களுக்கு எதிராகப் பற்றிய கலவர நெருப்பு கண்டி வீதி வழியாக வந்தது. ஒரு காலையில் கூட்டம் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது இராஜமும் பரிமளமும் கடையில்தான் இருந்தார்கள். தோட்டத்தில் பயமாக இருக்கிறது என்று கீழே இறங்கி வந்திருந்தார்கள். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர், அவரும் சிங்களவர்தான், பின்வேலியைப் பிரித்து மூன்று பேரையும் வெளியே தள்ளிவிட்டார். கூட்டத்தில் கன்னையாவிடம் ரேடியோ திருத்தியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் அந்த ரேடியோக்கள் அன்றைக்கும் பாடியிருக்கும். ஸாஹிரா ஒன்றும் கேட்காமல் பின்கதவைத் திறந்து, அவர்களை உள்ளே விட்டுப் பூட்டினாள். அவள் வீட்டுப் பின்னறை யன்னல் இடுக்கு வழியாகக் கன்னையா தன் கடை எரிவதைப் பார்த்தார். அலமாரி விழுந்தது தெரிந்தது. கசெட் எரிகிற நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ‘ம்’ கூடச் சொல்லவில்லை. இராஜம் கெஞ்சினாள், அழுதாள், கொஞ்சம் திட்டியும் பார்த்தாள். சோற்றை வைத்தால் சாப்பிட்டார், பாயை விரித்தால் படுத்தார். சுவரில் சாய்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பழையபடி வைத்திருக்கத் தெரிந்த மனிதர் அவர். ஒன்றுக்கு ஒன்று துணையாகப் பதிந்து பதிந்து வைத்தார், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்தார்.

ஒரு நாள் மத்தியானம், ஊர் கொஞ்சம் அடங்கியிருந்தது. காமில் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கசெட்டை ஸாஹிரா மெல்லிய சத்தத்தில் போட்டாள். மனதுக்குத் தெம்பில்லாதபோது அதைக் கேட்பது அவள் வழக்கம். தேதி, இடம், ‘காமில் பேசுறேன்’ என்று தொடங்கியது. பரிமளம் எழுந்துபோய் ஸ்பீக்கரின் மேல் கை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தலையாட்டினாள். கையை எடுத்தாள். அது இல்லை.

பிறகு அப்பாவிடம் வந்தாள். அவர் முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கையை அவர் நெஞ்சின் மேல் விரித்து வைத்தாள். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் எப்படி வைப்பாளோ அப்படி வைத்து, காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். சிமெந்துத் தரையில், அவர் காலுக்குப் பக்கத்தில், நிதானமாக எழுதினாள். அப்பா. எழுதிவிட்டு மறுபடியும் கையை அவர் நெஞ்சில் வைத்தாள்.

கன்னையா அந்த எழுத்தைப் பார்த்தார். தன் முகத்தை வரைய எத்தனை பதிவு பதிந்தார். பிள்ளைக்கு அப்பா என்றால் முகமே இல்லை. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்து உள்ளங்கையில் அதிர்ந்த அதுதான் அப்பா. தனக்கு ஒரு குரல் இருப்பதே அவளுக்குத் தெரியாது என்று இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார்.

அவர் தொண்டையைச் செருமினார். அவள் கை அதை உணர்ந்து அசையாமல் நின்றது. இராஜம் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஜூலை மாசம். தேதி தெரியல” என்றார் கன்னையா. குரல் கட்டிப்போய்க் கரகரத்தது. “ஸாஹிரா தங்கச்சி வீட்டுல இருந்து கன்னையா பேசுறேன். மாத்தினது, கடை இல்ல. டேப்பு இல்ல. அப்பா படம் சரியா வந்திருச்சு.”

மூச்சு வாங்கிக்கொண்டார். பிள்ளையின் கை நெஞ்சை விட்டு அகலவில்லை.

“மத்ததெல்லாம் பழையபடி.”